அண்ணியின் மக்காச்சோள டப்பா

எங்கள் வீட்டில் யார் அடுப்பின் முன் நின்றாலும், கையில் இருக்கும் கரண்டி கொஞ்ச நேரத்தில் அண்ணியின் கைக்குப் போய்விடும். பிடுங்குவார் என்று சொல்ல முடியாது. "தள்ளு, நான் பாத்துக்கறேன்" என்பார். அடுத்த நொடி நாம் வெறுங்கையோடு ஓரமாக நின்றுகொண்டிருப்போம். துணி மடித்து வைத்தால் பிரித்து மறுபடி மடிப்பார். கடையில் நான் சாக்கு தைத்துக்கொண்டிருந்தால் கோணி ஊசியை வாங்கிக்கொள்வார். என் அண்ணன் டிராக்டர் மெக்கானிக். அவனுடைய ஸ்பேனர்களை மட்டும்தான் அண்ணி இன்னும் தொடவில்லை. அதுவும் அவன் பட்டறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வதால்தான் என்பது என் சந்தேகம்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த வட்டாரத்தில் அண்ணியைப் பற்றி யாரைக் கேட்டாலும் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு பேசுவார்கள். அவர்கள் யாரும் அவரோடு ஒரே சமையலறையில் இருந்ததில்லை. நான் இருந்திருக்கிறேன். நான் அவருடைய நாத்தனார். புகழ்ந்தால் கொஞ்சம் கணக்காகத்தான் புகழ்வேன்.

எனக்கு விதையும் தீவனமும் விற்கும் கடை. எதிரே கண்காட்சி மைதானம். பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை, அதற்கும் பக்கத்தில் வேளாண் விரிவாக்க அலுவலகம். ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முன்னறையில் ஒரு நீள மேசை, அதன்மேல் மருந்துத் தண்ணீரில் மிதக்கும் புழுக்களும் வண்டுகளுமாக வரிசையாகக் கண்ணாடிப் பாட்டில்கள். சுவரில் இலைநோய்ப் படங்கள். மூலையில் காகிதப் பைகளில் ஊர் ஊராக வந்த மண். காய்ந்த இலையை வேட்டி மடிப்பில் சுருட்டிக்கொண்டு வந்து, "இதுக்கு என்ன வந்திருக்கு பாருங்க" என்று நிற்கிறவர்கள் எப்போதும் ஓரிருவர் இருப்பார்கள். பின்கட்டில் இளம் உழவர் மன்றம். அதுதான் அண்ணியின் ராஜ்ஜியம்.

பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் அங்கே வருவார்கள். கோழிக்குஞ்சு வளர்ப்பது, நாற்று விடுவது, எரு மக்க வைப்பது, நாலு பேர் முன்னால் எழுந்து நின்று திக்காமல் பேசுவது, இவைதான் பாடம். அண்ணிக்கு முன்னால் அந்த மன்றத்துக்கு ஒருவர் இருந்தார். அவர் காலத்தில் பிள்ளைகள் வந்ததாக யாருக்கும் நினைவில்லை. அவர் நன்றாகத் தூங்கியது மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அண்ணி வந்த பிறகு உட்கார இடமில்லாமல் கொல்லைப்பக்கக் கொட்டகைவரை பிள்ளைகள் நிறைந்தார்கள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டவர் மாதிரி ஒவ்வொரு பள்ளிக்கூடமாகப் போய் வாரிக்கொண்டு வந்தார். என் கடை வாசலில் கடலை வாங்கித் தின்றுகொண்டிருந்த பையன்களைக்கூட விடவில்லை. எனக்கு வியாபாரம் போனதுதான் மிச்சம்.

அவர் அந்த வேலைக்கு வந்ததே ஒரு கதை. அண்ணி செங்கல் சூளைக் குடியிருப்பில் பிறந்தவர். அப்பா சூளையில் வண்டி ஓட்டியவர். சிறு வயதில் ஓர் ஆட்டுக்குட்டியைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, கண்காட்சி மைதானத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். வாசலில் நின்றவர் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு எங்க நிலம்?" என்பது. நிலம் இல்லை. சொந்த நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் கால்நடையோடு உள்ளே வரலாம் என்பது விதி. திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதை அண்ணி சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. ஆட்டுக்குத்தான் அவமானமாப் போச்சு. அன்னைக்குப் பூரா அது என் மூஞ்சியையே பாக்கல."

சிரித்துக்கொண்டு சொன்னாலும் அது ஆறிய புண் இல்லை என்பது எனக்குத் தெரியும். தடுப்பூசிக் காலத்தில் மருந்துப் பெட்டி தூக்கும் தற்காலிக ஆளாக ஆபீசுக்குள் நுழைந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டே தபால் வழியில் படித்தார். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில் பாதி பாடப் புத்தகம். பரீட்சையில் தேறி, மன்றத்துப் பொறுப்பு கைக்கு வந்த அன்று அவர் முதலில் போனது கண்காட்சி வாசலுக்கு. சும்மா போய் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

அந்த விதி வெறும் கௌரவப் பிரச்சினையாக இருந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். எங்கள் வேளாண்மைப் பள்ளியில் சேர வேண்டுமானால் ஒருமுறையாவது கண்காட்சியில் கால்நடையோ பயிரோ காட்டிய சான்றிதழ் வேண்டும். அந்தப் பள்ளியில் படித்தால் பண்ணையில் வேலை, கால்நடை மருந்தகத்தில் வேலை என்று நிச்சயமாக ஒரு வழி உண்டு. சூளைப் பிள்ளைகளுக்கு நிலம் இல்லை, அதனால் கண்காட்சி இல்லை, அதனால் பள்ளியும் இல்லை. மன்றத்தில் என்னதான் கற்றுக்கொண்டாலும் கடைசியில் சூளைக்குத்தான் திரும்ப வேண்டும்.

அவர்களில் ஒருத்தி இருந்தாள். நாங்கள் வைத்த பெயர் வாயாடி. கேள்வி கேட்க ஆரம்பித்தால் ஆபீசில் இருக்கிற பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து காபி குடிக்கப் போய்விடுவார்கள். என் கடையில் தீவன மூட்டையின்மேல் ஒட்டியிருக்கும் சீட்டை முழுக்கப் படித்துவிட்டு, "இதுல போட்டிருக்கறது எல்லாம் நெஜமா உள்ள இருக்கா அக்கா?" என்று கேட்டவள் அவள். என் வாயை அடைத்த வாடிக்கையாளர் அவள் ஒருத்திதான். அவளுக்கு அது கடைசி வருடம். அந்த வருடத்தோடு பள்ளிக்கூடம் முடிகிறது. இந்த முறை மைதானத்துக்குள் கால் வைக்காவிட்டால் அவளுக்கு வேளாண்மைப் பள்ளி இல்லை. அண்ணி உண்மையில் வரிந்து கட்டிக்கொண்டது அவளுக்காகத்தான்.

கண்காட்சிக் குழுவுக்குத் தலைவர் பெரிய பால்பண்ணைக்காரர். வெயிலோ மழையோ, கையில் ஒரு மடித்த குடை. பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. கண்காட்சிக்குத் தீவனம் கொடுக்கிறவள் என்பதால் குழுக் கூட்டத்தில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. அண்ணி எழுந்து பேசிய அன்று நானும் இருந்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"ஐயா, நிலம் இல்லாத பிள்ளைங்களும் ஆடு வளக்கறாங்க. அவங்களையும் சேத்துக்கணும்."

"வளக்கறாங்களா? எங்க வச்சு வளக்கறாங்க?" என்றார் தலைவர். "அந்த விதிய சும்மா போடலம்மா. ஒரு காலத்துல அடுத்தவன் ஆட்ட அன்னைக்கு ஒரு நாள் வாடகைக்குப் பிடிச்சுக் கொண்டாந்து பரிசு வாங்கிட்டுப் போனாங்க. வளத்தவன் கைக்குத்தான் ஆடு கட்டுப்படும். அதப் பாக்கத்தான் கண்காட்சியே."

"அதையே பாருங்க ஐயா. பிள்ளைங்க கையில கயித்தக் குடுத்துப் பாருங்க."

தலைவர் கொஞ்ச நேரம் குடையைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு முடிவைச் சொன்னார். இந்த வருடம் சூளைப் பிள்ளைகள் கடைசிக் குழுவாக வரலாம். மைதானத்தை ஒரு சுற்று, கயிறு தொங்கவே வர வேண்டும். எங்கள் கண்காட்சியில் அதுதான் சட்டம். ஆட்டுக்கும் பிள்ளைக்கும் நடுவில் கயிறு தளர்ந்து தொங்கினால் ஆடு விரும்பி வருகிறது, இறுகினால் இழுபடுகிறது. சரியாக வந்தால் விதியை எடுத்துவிடலாம். ஒரு கயிறு இறுகினாலும் இந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது. அண்ணி யோசிக்காமல் தலையாட்டினார்.

ஆபீசுக்கு இனப்பெருக்கத் திட்டத்தில் வந்த குட்டிகள் இருந்தன. ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தார். சூளைக் குடியிருப்பில் மனிதர்களுக்கே கால் நீட்ட இடமில்லை, ஆட்டுக்கு எங்கே போவது? அண்ணன் பழைய தகரங்களைக் கொண்டுவந்து ஆபீஸ் பின்னால் ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தான். வாயாடிக்குக் கிடைத்தது ஒரு கறுப்புக் கிடாக்குட்டி. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, யாரையும் மதிக்காமல், எல்லோர் தட்டிலும் வாய் வைத்துப் பார்த்துவிட்டு நடந்ததால் அதற்கு மேனேஜர் என்று பெயர் விழுந்தது.

இங்கேதான் அண்ணியின் குணம் வேலையைக் காட்டியது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டு வருவதற்குள் அவரே கொட்டகையைக் கூட்டிவிடுவார். தண்ணீர் மாற்றிவிடுவார். ஒரு பழைய பால்பவுடர் டப்பாவில் மக்காச்சோளத்தைப் போட்டு, கடகடவென்று ஆட்டிக்கொண்டே, "வா வா வா" என்று போவார். கொட்டகையே எழுந்து நின்று கத்தும். பிள்ளைகள் வரும்போது ஆடுகள் வயிறு நிறைந்து அசை போட்டுக்கொண்டிருக்கும். "நீங்க படிங்க, நான் பாத்துக்கறேன்" என்பார். வீட்டில் கரண்டிக்கு என்ன நடந்ததோ, அதேதான் அங்கேயும் நடந்தது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. டப்பாச் சத்தம் என் கடைவரை கேட்கும். மணி நாலாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

ஒத்திகை அன்று வெட்டவெளிச்சமாயிற்று. மைதானத்தில் பிள்ளைகள் ஆடுகளோடு வரிசையாக நிற்கிறார்கள். தலைவரும் குடையோடு ஓரமாக வந்து நின்றார். பிள்ளைகள் நடக்கத் தொடங்கினார்கள். ஆடுகளும் ஏதோ நடந்தன. அந்த நேரம் பார்த்து அண்ணி வேலிப்பக்கம் உள்ளே நுழைந்தார். பழக்க தோஷத்தில் கையில் டப்பா. காலெடுத்து வைத்ததும் அது கடக் என்றது.

அவ்வளவுதான். எல்லா ஆடுகளும் ஒரே நேரத்தில் திரும்பின. கயிறுகள் விறைத்தன. பிள்ளைகள் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு பையனின் செருப்பு தனியாகப் பின்னால் கிடந்தது. மேனேஜர் முன்னங்கால் இரண்டையும் அண்ணியின் வயிற்றில் வைத்து நின்று டப்பாவுக்குள் தலையை விட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. தலைவர் சிரிக்கவில்லை.

"யாரு வளத்ததுன்னு இப்பத் தெரியுது" என்றார். "கண்காட்சி அன்னைக்குப் பாக்கலாம்மா." குடையை ஊன்றிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. பிள்ளைகளின் முழங்கால்களில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அப்போது வாயாடி, உதட்டில் மண்ணோடு, யாரும் சொல்லத் துணியாததைச் சொன்னாள்.

"டீச்சர், நீங்க கோவிச்சுக்கக் கூடாது. ஆடெல்லாம் உங்க ஆடு. நாங்க சும்மா கயிறு பிடிச்சுட்டு நிக்கறோம். நீங்க வராம இருந்தா அதுங்க எங்களோட வரும்."

அண்ணி டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். அன்று மாலை வீட்டில் நான் அடுப்படியில் நின்றேன். வந்தார். கரண்டிக்குக் கை நீட்டினார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு சொன்னது சரியா?" என்றார்.

வருடக்கணக்காக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது எனக்கு. விடுவேனா?

"சரிதான் அண்ணி. நீங்க யாரையும் ஒரு வேலையும் முழுசாச் செய்ய விடமாட்டீங்க. இந்த வீட்டுல எனக்கு ரசம் வைக்கத் தெரியுமா தெரியாதான்னு எனக்கே இன்னும் தெரியாது. ஆடு மட்டும் எப்படி அந்தப் பிள்ளைங்ககிட்ட ஒட்டும்?"

சொன்ன பிறகுதான் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டோமோ என்றிருந்தது. பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்த அண்ணன் மட்டும், திரும்பாமலே, "அவ சொல்றது சரிதான்" என்றான். அவன் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வருவதே அபூர்வம். அண்ணி உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது. துடைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் கொட்டகைச் சாவியை வாயாடியின் கையில் கொடுத்துவிட்டு, கண்காட்சி முடியும்வரை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பத்தியம் யாருக்குக் கஷ்டமோ இல்லையோ, எனக்குக் கஷ்டம். கொட்டகைக்குப் போக வேண்டிய நேரமெல்லாம் அண்ணி, அந்த டப்பாவையும் தூக்கிக்கொண்டு, என் கடைக்கு வந்துவிட்டார். தக்காளி விதை இருந்த இடத்தில் கீரை விதை வந்தது. கீரை விதை இருந்த இடத்தில் எலிப்பொறி வந்தது. ஒரு வாடிக்கையாளர் வெண்டை விதை கேட்க, நான் அலமாரி அலமாரியாகத் தேடி, கடைசியில் அந்த வாடிக்கையாளரே எடுத்துக்கொடுத்தார். பின்பக்கம் ஆடு கத்தினால் அண்ணியின் கை தானாக எழும்பும். "பசிக்குது போல" என்பார். "இருக்கட்டும் அண்ணி" என்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு தராசைத் துடைப்பார். அந்தத் தராசு அவ்வளவு பளபளப்பாக இருந்ததே இல்லை.

அண்ணி கிடங்கில் மூட்டைகளை மாற்றி அடுக்கிக்கொண்டிருந்த ஒருநாள், வாயாடி கடைக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, ஒரு காலி டப்பா இருக்குமா? பால்பவுடர் டப்பா. மூடியோட."

"எதுக்குடி?"

"தண்ணி மொள்ள."

தண்ணீர் மொள்ள மூடி எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். அந்த நேரம் ஒருவர் புண்ணாக்குக்கு விலை பேசிக் கழுத்தறுத்துக்கொண்டிருந்தார். டப்பாவை எடுத்து நீட்டிவிட்டேன்.

கண்காட்சி நாள் வந்தது. மைதானம் நிரம்பி வழிந்தது. அண்ணி என் கடைக்குள், பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால், ஒரு தீவன மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். ஆடுகளின் கண்ணில் தான் பட்டுவிடக் கூடாதாம். இத்தனை வருடம் இந்த ஒரு நாளுக்காக ஓடியவர், அந்த நாள் வந்தபோது இருட்டில் உட்கார்ந்து ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் ஷட்டருக்கு வெளியே ஸ்டூல் போட்டு நின்றுகொண்டு மைதானத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாடுகள் வந்தன, போயின. நிலக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் ஆடுகள் வந்தன, போயின. கடைசியில் எங்கள் பிள்ளைகள் வந்தார்கள். எல்லோரும் துவைத்த சட்டை. ஆடுகள் மின்னின.

"கயிறு தொங்குதா?" உள்ளிருந்து அண்ணியின் குரல்.

"தொங்குது அண்ணி."

"எல்லாருதுமா?"

"எல்லாருதும்."

"மேனேஜர்?"

"நெஞ்ச நிமித்திக்கிட்டு வருது. கயிறு தரையத் தொடுது."

மூலை திரும்பினார்கள். கொடிக்கம்பத்தைத் தாண்டினார்கள். ஒரு கயிறுகூட இறுகவில்லை. முழுச் சுற்றும் முடிந்து வரிசையாக நின்றபோது கூட்டத்தில் கைதட்டல் எழுந்தது. நான் ஸ்டூலிலிருந்து குதித்து அண்ணியைக் கட்டிக்கொள்ளப் போனேன். அதற்குள் ஒலிபெருக்கி கரகரத்தது. தலைவரின் குரல்.

"விரிவாக்க ஆபீஸ் அம்மா மைதானத்துக்கு வரவும். டப்பாவோட வரவும்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அண்ணியை முந்திக்கொண்டு மைதானத்துக்குள் போனேன்.

"என்ன ஐயா நியாயம் இது? உங்க பிள்ளைங்க மாடு பிடிச்சுட்டு வரும்போது யாராவது முன்னால நின்னு புண்ணாக்குக் காட்டினாங்களா?"

"அவங்க மாட்ட வேற யாரும் தீனி போட்டு வளக்கலம்மா" என்றார் தலைவர் அமைதியாக. "ஒத்திகையில நான் பாத்தத நீயும் பாத்தே. பிள்ளைங்க வளத்த ஆடா, இவங்க வளத்த ஆடான்னு எனக்குத் தெரியணும்."

வாயில் வந்ததை இன்னும் சொல்லியிருப்பேன். அண்ணி பின்னாலிருந்து என் தோளைத் தொட்டார். கையில் டப்பா.

"அவர் கேக்கறது சரிதான்" என்றார்.

நான் அவர் காதோடு சொன்னேன். "மெல்லமா ஆட்டுங்க அண்ணி. கேட்டும் கேக்காத மாதிரி."

என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்படி ஜெயிச்சா அது அவங்க ஜெயிச்சதா?"

மைதானத்தின் நடுவில் போய் நின்றார். ஒரு மூச்சு இழுத்து, தினமும் மாலையில் ஆட்டியது போலவே, கை வலிக்க ஆட்டினார். கடகடவென்று மைதானம் முழுக்கக் கேட்டது. "வா வா வா" என்றும் கூப்பிட்டார். கொஞ்சமும் குறைக்கவில்லை.

ஆடுகளின் காதுகள் நிமிர்ந்தன. தலைகள் திரும்பின. ஒன்று கத்தியது. பிள்ளைகள் யாரும் கயிற்றை இழுக்கவில்லை. ஆட்டின் கழுத்தில் கையை வைத்து, மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொன்றாக ஆடுகள் தலையைத் திருப்பிக்கொண்டன. மேனேஜரைத் தவிர.

மேனேஜர் நடக்க ஆரம்பித்தது. அண்ணியைப் பார்த்து, நேராக. வாயாடியின் கையிலிருந்த கயிறு தரையிலிருந்து எழும்பியது. இன்னும் ஓரடி போனால் இறுகிவிடும். அந்த இடத்தில் நானாக இருந்தால் இரண்டு கையாலும் பிடித்து இழுத்திருப்பேன். அவள் கையைத் திறந்து கயிற்றைக் கீழே விட்டுவிட்டாள்.

மேனேஜர் கயிற்றை இழுத்துக்கொண்டு பாதி மைதானம் போய்விட்டது. அண்ணி ஆட்டுவதை நிறுத்தவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, கை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. வாயாடி இருந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்தாள். வெறும் உள்ளங்கையை முன்னால் நீட்டி, நாக்கை மடித்து ஒரே ஒரு சொடுக்குச் சத்தம் கொடுத்தாள்.

மேனேஜர் நின்றது. டப்பாவைப் பார்த்தது. திரும்பி அவளைப் பார்த்தது. பிறகு, தான் நினைத்ததைத்தான் செய்கிறோம் என்பது போல நிதானமாகத் திரும்பி, அவளிடம் நடந்துபோய், அந்த வெறுங்கையில் மூக்கை வைத்தது.

அதற்கப்புறம் எழுந்த சத்தத்தில் டப்பாச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. சூளையிலிருந்து வந்திருந்த அப்பாக்களும் அம்மாக்களும் வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்கள். நிலக்காரர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் பக்கத்தில் நின்ற யாரையோ கட்டிக்கொண்டு குதித்தேன். அது புண்ணாக்குக்கு விலை பேசியவர் என்று பிறகுதான் தெரிந்தது.

தலைவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒலிபெருக்கியை வாங்கினார்.

"இந்த ஆடுகள இந்தப் பிள்ளைங்கதான் வளத்திருக்காங்க. எனக்கு இனி சந்தேகம் இல்ல. இவங்களுக்கும் இன்னைக்கே சான்றிதழ் உண்டு. அடுத்த வருஷத்திலேருந்து வாசல்ல யாரையும் நிலம் எங்கன்னு கேக்க மாட்டோம்."

சொன்ன பிறகு அவரே வாயாடியிடம் நடந்து வந்தார். "கயித்த விட்டியே, எந்தத் தைரியத்துல விட்டே?"

"டப்பாச் சத்தம் கேட்டு அது பாதி வழி போகும், அப்புறம் வந்துடும்னு தெரியும் ஐயா" என்றாள் வாயாடி. "நாங்களே ஒரு டப்பா வச்சு, டீச்சர் காதுல விழாம இருக்க சூளைப் பக்கம் ஓட்டிட்டுப் போய், தெனமும் ஆட்டிப் பழக்கினோம். அக்கா கடையிலதான் வாங்கினேன். ஒருத்தர் தூரத்துல நின்னு ஆட்டுவோம். ஓடிப் போனா ஒண்ணும் கிடைக்காது. எங்ககிட்ட நின்னாத்தான் கையில மக்காச்சோளம்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாம் தெரிந்தே கொடுத்தது போல நானும் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "இவ்வளவு செஞ்சிருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா டப்பாவ நீங்க வாங்கி ஆட்டியிருப்பீங்க டீச்சர்."

தலைவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். என் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான், தோள் மட்டும் குலுங்கியது. அண்ணியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். பிறகு, பிள்ளைகள் ஆடுகளைக் கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு போனபோது அந்த வரிசைக்கு நடுவாக, கையில் டப்பாவோடு, வேண்டுமென்றே நடந்தார். அத்தனை மாதம் தீனி போட்டவரை ஓர் ஆடும் திரும்பிப் பார்க்கவில்லை. மேனேஜர் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு வாயாடியின் பின்னால் போனது. அண்ணி என்னிடம் வந்து, "பாத்தியா, ஒண்ணுகூட என்ன மதிக்கல" என்றார். அவ்வளவு பெருமையாக ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

வாயாடி வேளாண்மைப் பள்ளியில் படித்து முடித்துவிட்டாள். இப்போது கால்நடை மருந்தகத்தில் இருக்கிறாள். என் கடைக்கு வந்தால் இன்றும் மூட்டைச் சீட்டைப் படிக்காமல் போவதில்லை. மேனேஜருக்கு வயதாகிவிட்டது, ஆபீஸ் கொட்டகையில் ஓய்வாக இருக்கிறது, இன்னும் எல்லோர் தட்டிலும் வாய் வைக்கிறது. கண்காட்சியில் சூளைப் பிள்ளைகளின் வரிசை இப்போது கொடிக்கம்பத்தைத் தாண்டி நீள்கிறது.

அண்ணி இப்போது கடைக்குள் ஒளிந்துகொள்வதில்லை. வேலியோரம் எல்லோருக்கும் முன்னால் நிற்கிறார். ஏதாவது ஒரு சின்னப் பிள்ளை தடுமாறினால் அவருடைய கை முன்னால் வரப் பார்க்கும். அதனால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் நான் நிற்பேன். போன கண்காட்சியில் ஒரு குட்டிப் பெண்ணின் ஆடு மூலையில் நின்றுவிட்டது. அண்ணியின் விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுகின. அந்தப் பெண் குனிந்து ஆட்டின் காதில் ஏதோ சொன்னாள். ஆடு நடந்தது.

"கயிறு தொங்குதா?" என்றார் அண்ணி. கண்ணை இறுக மூடியிருந்தார்.

"தொங்குது அண்ணி" என்றேன்.